மலை ஏறாத சைக்கிள்

சைக்கிளில் மலை ஏறுவது வேறு, மலையடிவாரத்தில் சைக்கிள் ஓட்டுவது வேறு. முன்னது வாலிபர்கள் வேலை. பின்னதற்கு வயது வரம்பு கிடையாது. கொஞ்சம் நிதானமும், வண்டி அதிகம் வராத ஒரு சாலையும் இருந்தால் போதும். எழுபத்து மூன்று வயதில் நான் இரண்டாவது கட்சி. இதைப் பற்றி எழுதுங்கள் என்று நம்மூர் நண்பர்கள் இரண்டு பேர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2024 மாசியில் கம்பம் போய் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் பிறந்தது புதுச்சேரி. பாப்பிரெட்டிப்பட்டி என் மாமனார் ஊர். அப்பா என்னைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்த்தார். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே, 1954 நவம்பர் 1ஆம் தேதி, பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள். அப்படியும் அப்பாவுக்கு அந்தப் படிப்பின் மேல் இருந்த நம்பிக்கை குறையவில்லை. பிரெஞ்சில் படித்து, இங்கிலீஷில் நோட் போட்டு, தமிழில் திட்டு வாங்கி, முப்பத்தாறு வருடம் எழுத்தர் உத்தியோகம் பார்த்து 2011இல் ஓய்வு பெற்றேன். மனைவிக்குத் தாய் வீட்டுச் சொத்தில் ஒரு வீடு பாகமாக வந்தது. வீட்டோடு நானும் வந்து சேர்ந்தேன். இங்கே என் பெயர் 'பாண்டி சார்'.

புதுச்சேரி தட்டையான ஊர். கடற்கரையிலிருந்து எந்தத் தெருவில் போனாலும் காலை ஊன்றாமல் ஓட்டலாம். மேடு என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு இருந்தது கோரிமேடு ஒன்றுதான். அதன் மேல் ஏறித் திரும்பி வந்தவன் வகுப்பில் ஒரு வாரம் பெரிய ஆள். உண்மையான மலையைச் சைக்கிளில் ஏறுவார்கள் என்பதே எனக்குப் பள்ளி நூலகத்துக்குக் கப்பலில் வரும் பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் தெரியும். நம் பிள்ளைகளுக்கு இன்று கிரிக்கெட் எப்படியோ, அப்படி அந்த நாட்டுக்கு 'தூர் த ஃபிரான்ஸ்' சைக்கிள் பந்தயம். 1903இல் தொடங்கியது. ஜூலை வந்தால் நாடே சாலையோரத்தில் நிற்கும்.

1967இல் எனக்குப் பதினாறு வயது. அந்த ஜூலை 13ஆம் தேதி, டாம் சிம்ப்சன் என்ற இங்கிலாந்து வீரர் மோன் வாந்தூ என்ற மலையில் உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது விழுந்து இறந்துபோனார். வயது 29. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் உலகச் சாம்பியன் ஆனவர். கடும் வெயில், மரமில்லாத சுண்ணாம்புக்கல் சரிவு, அதன் மேல் ஊக்க மாத்திரையும் மதுவும். பிரேதப் பரிசோதனையில் இரண்டும் தெரிந்தது. அவர் இறந்ததற்கு மறுநாள் ஜூலை 14. எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பிய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு வரிசையில் நிற்கும் நாள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். செய்தி தாங்கிய பத்திரிகை எங்களுக்கு வந்து சேரப் பல வாரம் ஆனது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு மலை என்றாலே ஒரு மரியாதை கலந்த பயம்.

அதே பத்திரிகைகளில்தான் இன்னொரு மனிதரையும் தெரிந்துகொண்டேன். பவுல் த விவி என்பது அவர் பெயர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். 1853இல் பிறந்தவர். சேன்ட் எத்தியென் என்ற ஊரில் சைக்கிள் வியாபாரமும் ஒரு சைக்கிள் பத்திரிகையும் நடத்தினார். பந்தயம் அவருக்குப் பிடிக்காது. ஊர் பார்க்கத்தான் சைக்கிள் என்பது அவர் கட்சி. மேட்டுக்கு ஒரு பல், பள்ளத்துக்கு ஒரு பல் என்று கியர் மாற்றும் சைக்கிளுக்காக வாழ்நாள் முழுதும் வாதாடினார். 'கியர் கிழவர்களுக்கு, உண்மையான வீரனுக்கு ஒரே பல் போதும்' என்று பந்தயக்காரர்கள் பக்கம் ஒரு வீம்பு இருந்தது. தூர் த ஃபிரான்ஸில் கியர் மாற்றியை அனுமதித்தது 1937இல். அதற்கு ஏழு வருடம் முன்பே வெலோசியோ காலமாகிவிட்டார். வயதானவர்களும் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று அவர் கேட்டதை உலகம் மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது.

அவர் ஏழு விதிகள் எழுதி வைத்தார். என் சொந்த வார்த்தையில் சொல்கிறேன். ஒன்று, வழியில் அடிக்கடி நிற்காதே, நின்றாலும் கொஞ்ச நேரம் நில். இரண்டு, பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி. மூன்று, சாப்பாடும் தூக்கமும் பிடிக்காத அளவுக்குக் களைக்காதே. நான்கு, குளிரும் முன் போர்த்திக்கொள், வேர்க்கும் முன் கழற்று. ஐந்து, வழியில் மது, மாமிசம், புகையிலை வேண்டாம். ஆறு, முக்கி மிதிக்காதே, அதுவும் முதல் சில மணி நேரம் வேண்டவே வேண்டாம். ஏழு, பெருமைக்காக மிதிக்காதே.

ஏழாவதுதான் எல்லாவற்றுக்கும் தலை. மற்ற ஆறையும் மறந்தாலும் உடம்பு ஞாபகப்படுத்திவிடும். ஏழாவதை ஞாபகப்படுத்த ஆள் இல்லை.

வாந்தூ மலையை நேரில் பார்க்கும் வாய்ப்பு ஓய்வு பெற்ற மறு வருடம் வந்தது. என் தங்கை மாப்பிள்ளை பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். தெற்குப் பிரான்சில் ஒராஞ்சு என்ற ஊரில் வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். 2012 செப்டம்பரில் என்னையும் மனைவியையும் அழைத்திருந்தார்கள். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் அந்த மலை தனியாக நிற்கிறது. உயரம் 1,909 மீட்டர். நம் சேர்வராயன் மலையைவிட ஏறத்தாழ முந்நூறு மீட்டர் அதிகம். உச்சி வெள்ளையாக இருக்கும். பனி என்று நினைத்தேன். "பனி இல்ல மச்சான், கல்லு" என்றார் மாப்பிள்ளை.

காரில் சைக்கிளை ஏற்றி, மலையடிவாரத்தில் பெதுவான் என்ற கிராமத்தில் இறக்கிவிட்டார். உச்சிக்குப் போகும் புகழ்பெற்ற சாலை அங்கேதான் தொடங்குகிறது. இருபது கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் பளபளவென்ற உடுப்பில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் ஜிப்பாவும் மங்கிக் குல்லாவுமாக எதிர்ப்பக்கம் திரும்பினேன். அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைத் தோட்டம், இடையிடையே செர்ரி மரங்கள், ஓடு வேய்ந்த சின்னச் சின்ன ஊர்கள். மொர்முவாரோன், மஸான் என்று போய் பெர்ன் லே ஃபோந்தேன் என்ற ஊரில் முடித்தேன். வெலோசியோ பிறந்த ஊர் அதுதான். பந்தயக்காரன் விழுந்த மலையும் பந்தயம் வேண்டாம் என்றவர் பிறந்த ஊரும் அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சாலையில் எனக்கு ஆச்சரியம் தந்தது இரண்டு விஷயம். முதலாவது, பின்னால் வரும் கார் ஹாரன் அடிப்பதே இல்லை. எதிரே வண்டி வந்தால் என் பின்னாலேயே பொறுமையாக ஊர்ந்து வரும். அங்கே சட்டமே அப்படி. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஊருக்குள் ஒரு மீட்டர். சட்டம் நம்மிடமும் ஆயிரம் உண்டு. இதைக் கடைப்பிடிப்பதுதான் அதிசயம்.

இரண்டாவது, மஸானில் ஒரு மேசை போட்டு ஒரு அம்மாள் விற்ற திராட்சை. கருநீலம், தோலில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு பூச்சு, வாயில் போட்டால் பன்னீர் மணம். என் மனைவிக்காக ஒரு கூடை வாங்கி கேரியரில் கட்டிக்கொண்டேன். ஒராஞ்சு வீட்டில் அவள் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "ஏங்க, இது நம்ம பன்னீர் திராட்சைங்க. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள்.

அவள் சொன்னது சரி. அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். பெயரில் ஜெர்மனி இருந்தாலும் பிறந்தது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரு கண்ணாடி வீட்டுத் தோட்டத்தில். வாந்தூ அடிவாரத்தில் விளையும் இந்தத் திராட்சைக்கு பிரெஞ்சு அரசு 1997இல் ஊர்ப்பெயர் உரிமை கொடுத்திருக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையும் அதே ரகம்தான். அதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்று அப்போது செய்தித்தாள்களில் போட்டார்கள். அதைப் படித்த அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டேன், கம்பத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் போக வேண்டும் என்று.

சொன்னது சுலபம். 2022இல் சேலத்தில் எனக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு அன்று முதல் சைக்கிள் என்றால் ஆகாது. "அப்பா, அதை யாருக்காவது கொடுத்துடுங்க. நீங்களும் அம்மாவும் இங்க வந்துடுங்க. அபார்ட்மென்ட்டுல நடக்கறதுக்குத் தனி பாதையே இருக்கு" என்பாள். அவள் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குச் சைக்கிள் வெறும் உடற்பயிற்சி அல்ல. இந்த ஊரில் எனக்கு ஒரு சொந்தம் கிடையாது, எல்லாம் மனைவி வழி. சைக்கிளில் போய்ப் போய்த்தான் இந்த ஊர் எனக்குப் பழக்கமானது. எந்த வீட்டில் மஞ்சள் வேக வைக்கிறார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் காரில் போகிறவனுக்குத் தெரியாது. சைக்கிளைக் கொடுத்துவிட்டால் இந்த ஊரையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

இதய டாக்டரிடமே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சிலருக்குப் பயன்படலாம். "சமதளத்தில் ஓட்டலாம். மேடு வந்தால் இறங்கித் தள்ளுங்கள். ஓட்டும்போது பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சிலோ தோளிலோ தாடையிலோ பாரம் தெரிந்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள்." இது எனக்கு, என் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னது. நீங்கள் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளிடம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கம்பத்தில் மூன்று நாள், தினமும் இருபது கிலோமீட்டருக்கு மேல் கூடாது, தனியாகப் போகக் கூடாது. அது நல்லபடி முடிந்து, திரும்பி வந்து எடுக்கும் சோதனையும் சரியாக இருந்தால் சைக்கிளைப் பற்றி அவள் இனி வாய் திறக்க மாட்டாள். இல்லாவிட்டால் நான் வாய் திறக்கக் கூடாது. முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் இவ்வளவு தெளிவான ஆணையை நான் பார்த்ததில்லை.

துணைக்கு வந்தவர் நம்மூர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லாருக்கும் எச்.எம். சார். அவர் மகளை உத்தமபாளையத்தில் கொடுத்திருக்கிறது. அந்த வீட்டில் இரண்டு சைக்கிள் தயார் செய்து வைத்திருந்தார்கள். மஞ்சவாடி கணவாய் இறங்கி சேலம், திண்டுக்கல், தேனி என்று பஸ் மாறிப் போனோம். மகரஜோதி முடியும்வரை அந்தப் பக்கம் குமுளி போகும் ஐயப்ப பக்தர்கள் வண்டி நெருக்கும். அதனால்தான் மாசியைத் தேர்ந்தெடுத்தோம். ஆனி, ஆடியில் போனால் கேரளப் பக்கமிருந்து கணவாய் வழியாக வீசும் காற்று சைக்கிளை நிறுத்தி வைத்துவிடும். வாந்தூவிலும் காற்றுக்குப் பேர் போன இடம்தான். பிரெஞ்சில் 'வான்' என்றால் காற்று, அதிலிருந்து மலைக்குப் பெயர் வந்தது என்பார்கள். வழியில் இதை எச்.எம். சாரிடம் விளக்கினேன். "அது என்ன பாண்டி சார், வாந்தி மலைன்னு ஒரு பேரு?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

முதல் நாள் உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி. பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு பக்கம் மேகமலை, எதிர்ப்பக்கம் தூரத்தில் கேரள எல்லை மலை, நடுவில் வாழையும் தென்னையும் நெல்லும் திராட்சையும். மலை கிழக்கே இருப்பதால் காலையில் நெடுநேரம் சாலையில் வெயில் விழவில்லை. நம்மூரில் இதற்கு நேர்மாறு. நமக்குச் சேர்வராயன் மேற்கே இருப்பதால் நிழல் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடும். மலையடிவாரத்து ஊர் எல்லாவற்றுக்கும் ஒரு பக்கத்து வெயில் கடன்தான்.

பிரான்சில் கொடி இடுப்பளவுதான் இருக்கும், வரிசை வரிசையாக வேலி போல நிற்கும். இங்கே பந்தல். கல்லுக்கால் நட்டு, மேலே கம்பி வலை பின்னி, கொடியைப் படர விட்டிருக்கிறார்கள். ஆள் நிமிர்ந்து நடக்கலாம். சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தால் உள்ளே பச்சை வெளிச்சம். தலைக்கு மேலே குலைகள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கத்தரிக்கோலால் குலையை வெட்டி, கெட்ட பழத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கூடையில் அடுக்கினார்கள். "எந்தூருய்யா?" என்று கேட்டார் ஒரு அம்மாள். பாப்பிரெட்டிப்பட்டி என்றோம். "அது எங்கிட்டு இருக்கு?" தர்மபுரிப் பக்கம் என்றதும், "அங்கிட்டிருந்து சைக்கிள்லயா வந்தீக?" என்று வாயில் கை வைத்தார். எச்.எம். சார் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். ஏழாவது விதி அங்கேயே போயிற்று.

தோட்டக்காரர் எங்களை உட்கார வைத்து ஒரு குலை வெட்டிக் கொடுத்தார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பெரிய லாபம். வாந்தூ அடிவாரத்துக் கொடிக்கு வருடத்தில் ஒரே காய்ப்பு. குளிர்காலம் வந்தால் இலை எல்லாம் உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் தூங்கும். கம்பத்தில் அந்தக் குளிர் கிடையாது. கொடிக்குத் தூக்கமே இல்லை. மனிதன் கவாத்து பண்ணினால்தான் அதற்குப் புது வருடம் பிறக்கும். கவாத்து முடிந்து ஏறத்தாழ நாற்பது நாளில் பூ, நூற்றிருபது நாளில் பழம். பழம் வெட்டி, கொஞ்ச நாள் ஓய்வு விட்டு மறுபடி கத்தரி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதத்தில் கவாத்து பண்ணுவதால் பள்ளத்தாக்கில் எந்த மாதமும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். இந்தியாவில் மற்ற இடங்களில் பெரும்பாலும் கோடையை ஒட்டி மட்டும் வரும் அறுவடை இங்கே வருடம் முழுவதும் நடப்பதன் ரகசியம் இதுதான்.

"நல்லதுதானே?" என்றார் எச்.எம். சார். "நல்லதுதாய்யா. ஆனா எந்த மாசம் மழை வந்தாலும் எவனுக்காச்சும் அடி" என்றார் அவர். பழுக்கும் சமயத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். பூக்கும் சமயத்தில் பிடித்தால் நோய் விழும். மருந்துச் செலவு, கூலி, பந்தல் செலவு எல்லாம் ஏறிக்கொண்டே போகிறது. விலை நிர்ணயம் அவர் கையில் இல்லை. பன்னீர் திராட்சை தூரத்துச் சந்தைக்குத் தாங்காது, வெட்டினால் சீக்கிரம் போயாக வேண்டும். ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. "அவங்ககிட்ட யோசனை கேக்கறோம். வானத்துக்கிட்ட யாரு கேக்கறது?" என்றார். மகனைத் தோட்டத்துக்கு வரச் சொல்லவில்லையாம். சென்னையில் வேலையாம்.

அவர் தோட்டத்தில் டிரம்மில் நீல நிறத்தில் கலக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும். நம் பக்கத்துப் பாக்குத் தோட்டக்காரர்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கும் தெரிந்த போர்டோ கலவைதான். அதன் கதை சாலையில் போகிறவர்களைப் பற்றியது என்பதால் அவருக்குச் சொன்னேன். பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரத்துத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமல் இருக்க, விஷம் மாதிரி தெரியட்டும் என்று தோட்டக்காரர்கள் ஓரத்து வரிசைகளில் மட்டும் இந்த நீலக் கலவையைத் தெளித்து வைப்பார்கள். 1882இல் அந்த வழியாகப் போன மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் பார்த்தார்: உள்ளே இருக்கிற கொடி எல்லாம் நோயில் இலை உதிர்த்து நிற்கிறது, சாலையோரத்துக் கொடி மட்டும் பச்சையாக இருக்கிறது. 1885இல் அதை மருந்து என்று எழுதி வெளியிட்டார். தோட்டக்காரர் சிரித்தார். "அப்ப திருட்டுப் பயலுகளாலதான் மருந்து வந்துச்சுங்கிறீக." அவர் கொடுத்த குலையை அப்போது நாங்கள் தின்றுகொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள் காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி வரும் தண்ணீர். 1895இல் திறந்த அணை. கட்டிய பென்னிகுவிக் பிறந்த நாள் ஜனவரி 15. அந்தப் பக்கம் பொங்கலோடு சேர்த்து அவருக்கும் கொண்டாடுகிறார்கள். டீக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மீசை வைத்த வெள்ளைக்காரர் படம் இருந்தது.

மூன்றாம் நாள் சுருளிப்பட்டி தாண்டி சுருளித் தீர்த்தம். கடைசியில் சாலை லேசாக ஏறுகிறது. இளைஞன் கண்ணுக்கு அது மேடே அல்ல. நானும் எச்.எம். சாரும் அவர் சர்வீஸில் பார்த்த ஒரு இன்ஸ்பெக்ஷன் கதையைப் பேசிக்கொண்டு போனோம். நடுவில் என் பேச்சு அறுந்தது. ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. இறங்கிவிட்டேன். அவரும் இறங்கினார். அந்த நேரம் பார்த்து கல்லூரிப் பையன்கள் நாலு பேர் பைக்கில் கடந்தார்கள். "தாத்தா, தள்ளி விடட்டுமா?" என்று ஒருவன் கேட்டான். கேலியில்லை, நல்ல மனதோடுதான் கேட்டான். வேண்டாம் தம்பி என்றேன். சிம்ப்சன் ஞாபகம் வந்தது. அவருக்குப் பின்னால் ஒரு நாடும், ஒரு பந்தயமும், ஒரு சம்பளமும் தள்ளிக்கொண்டு இருந்தன. இறங்கித் தள்ளும் சுதந்திரம் அந்த 29 வயதுக்காரருக்கு இல்லை. எனக்கு இருந்தது. அருவிச் சத்தம் கேட்கும்வரை கதையை முழு வாக்கியமாகவே சொல்லி முடித்தேன்.

ஊர் திரும்பிய மறு வாரம் சேலத்தில் சோதனை. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பழையபடியே தொடருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டை விரல் படம் வந்தது. அரை மணி நேரம் கழித்து, 'ஹெல்மெட் வாங்கி அனுப்புறேன். போடணும்' என்று ஒரு வரி. ஆணையில் இப்படி ஒரு திருத்தம் வரும் என்று எதிர்பார்த்ததுதான்.

இனி நம்மூர் விஷயம். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வெங்கடசமுத்திரம் வழியாக முள்ளிக்காடு வாணியாறு அணைக்குப் போகும் சாலையில் நான் வாரத்தில் நாலு நாள் போகிறேன். திராட்சை இல்லை. தென்னை, பாக்கு, மஞ்சள், மரவள்ளி, கரும்பு இருக்கிறது. முன்னால் சேர்வராயன் மலை பெரிசாகிக்கொண்டே வரும். வாந்தூவும் மேகமலையும் பார்த்தவன் சொல்கிறேன், காலை ஆறு மணிக்கு இந்தச் சாலை அவை எதற்கும் குறைந்ததல்ல. பார்க்க வெளியூர்க்காரன் வராததால் நமக்கு அதன் அருமை தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் வயதுக்காரர்களுக்கு அனுபவத்தில் சில வார்த்தை. எந்தச் சாலை நல்லது என்று யாரையும் கேட்க வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் எந்தச் சாலையில் போகிறார்களோ அதுதான் நமக்கும் சாலை. சேலம் மெயின் ரோட்டில் ஏற வேண்டாம். இருக்கையைக் காலை ஊன்ற வசதியாகக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள், ரொம்பத் தாழ்த்தினால் முட்டி வலிக்கும். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். சட்டைப் பையில் பெயர், ரத்த வகை, வீட்டு நம்பர் எழுதிய சீட்டும், டாக்டர் கொடுத்திருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இருக்கட்டும். மேடு வந்தால் இறங்குங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் ஆகிவிட்டோம். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும், பொம்மிடியில் மளிகைக் கடையை மகனிடம் விட்டுவிட்ட ஒருவரும் சேர்ந்திருக்கிறார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரில் காலை ஐந்தே முக்கால். டீ எச்.எம். சார் செலவு. ஐந்தாவது ஆளுக்கு இடம் இருக்கிறது. கியர் சைக்கிள் தேவையில்லை. பெருமையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.